கொடி தெரியலீங்களே

ஷெர்வின் தார்ப்பாயை உருவி எறிந்தான். அடியில் இருந்ததைப் பார்த்ததும் சுதாராணி கையிலிருந்த துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

சைக்கிள்தான். ஆனால் யாரோ கோபத்தில் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்து நீட்டிவிட்ட சைக்கிள். முன்னால் சின்னச் சக்கரம், பின்னால் பெரிய சக்கரம். நடுவில் வலை போட்ட சாய்வு நாற்காலி. பெடல் கீழே இல்லை. முன்சக்கரத்தையும் தாண்டி, மூக்குத்தி மாதிரி நுனியில் இருந்தது.

"இது என்னங்க தம்பி, உக்காந்து ஓட்டறதா, படுத்து ஓட்டறதா?"

"படுத்துதான் அக்கா" என்றான் ஷெர்வின். ஒண்டிக்கடைச் சந்திப்புக்கு மேலே நாலைந்து காட்டேஜ்கள் வைத்திருப்பவன். சுதாராணி அங்கே அறைகளைப் பெருக்கித் துடைப்பவள். "போன வருஷம் பெங்களூர்க்காரர் ஒருத்தர் இதுல மலையேறி வந்தாரு. இருபது கொண்டை ஊசி வளைவு. வந்து ரெண்டு நாள் கதவையே திறக்கல. மூணாம் நாள் இதை என் தலையில கட்டிட்டு பஸ்ல எறங்கிப் போயிட்டாரு. நான் ஒரே ஒரு தடவை ஏரி ரோட்டுல ஓட்டினேன். ஊர் நாய் பூரா பின்னாடியே வந்துச்சு. அதோட சரி."

சொல்லிக்கொண்டே அதில் ஏறிச் சாய்ந்தான். ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, கால்களை நீட்டிப் பெடலைச் சுற்றிக் காட்டினான்.

சுதாராணி சிரிக்கவில்லை. அந்தக் கால்களையே பார்த்தாள். அந்த அசைவை அவள் இதற்கு முன் பார்த்திருக்கிறாள்.

"முதுகு ஒடிஞ்சவங்க இதை ஓட்டலாமுங்களா?"

ஷெர்வின் சுற்றுவதை நிறுத்தினான். அவள் வீட்டு விஷயம் அவனுக்குத் தெரியும்.

அவள் கணவன் ஐயாக்கண்ணு, மஞ்சக்குட்டை எஸ்டேட்டில் மிளகு பறிப்பவன். மிளகு படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாத்தி, உச்சி வரைக்கும் பீடி குடித்துக்கொண்டே ஏறுகிறவன். கடந்த மிளகு சீசனில் ஏணி வழுக்கியது. சேலத்தில் முதுகில் கம்பி வைத்துத் தைத்து அனுப்பினார்கள். கால்கள் தப்பித்தன. ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் இடுப்பில் தீப்பிடித்துக்கொள்ளும். நடந்தால் வாசல் வரை. பஸ், ஜீப், பைக் எதிலும் உட்கார முடியாது. படுத்தால் வலி இல்லை. எனவே படுத்தான். படுத்தவன் சுவர்ப் பக்கம் திரும்பினான்.

ஆஸ்பத்திரியில் சாந்தி என்று ஒரு பெண் அவனுக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்திருந்தாள். "மல்லாந்து படுத்துட்டு, சைக்கிள் மிதிக்கற மாதிரி காலை ஆட்டுங்கண்ணா. விட்டுட்டீங்கன்னா காலும் போயிரும்." வீட்டுக்கு வந்த புதிதில் அவன் ஆட்டினான். கட்டிலில் படுத்தபடி, கூரையைப் பார்த்துக்கொண்டு, காற்றை மிதித்தான். ஒரு நாள் நிறுத்திவிட்டான்.

"இல்லாத சைக்கிளை எத்தனை நாளைக்குப் புள்ள மிதிக்கறது?"

அதற்குப் பிறகு அவன் பேச்சும் குறைந்தது. சோற்றுத் தட்டைச் சுவர்ப் பக்கமாகவே வாங்கினான், சுவர்ப் பக்கமாகவே திருப்பித் தந்தான். சுதாராணி வேலைக்குக் கிளம்பும் முன் தோட்டத்துக் களைக்கொல்லி டப்பாவை எடுத்துப் போய்ப் பக்கத்து வீட்டுக் கண்ணம்மாளிடம் கொடுத்து வைத்தாள். ஏன் என்று கண்ணம்மாள் கேட்கவில்லை. வாங்கித் தன் வீட்டுக் கோழிக்கூண்டுக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள்.

இப்போது, அந்த இல்லாத சைக்கிள் சுதாராணியின் கண்முன்னால் நின்றது.

அவள் பேரம் பேசவில்லை. அது ஷெர்வினுக்கே சங்கடமாகிவிட்டது. சொன்ன விலையைத் தானாகவே குறைத்துக்கொண்டான். மறுநாள் சுதாராணி சத்தமில்லாமல் நடந்து வேலைக்கு வந்தாள். காலில் கொலுசு இல்லை.

"ஒண்ணே ஒண்ணு அக்கா." ஷெர்வின் ஷெட்டின் மூலையிலிருந்து ஓர் ஒல்லியான நீளக் கம்பை எடுத்து வந்தான். ஆள் உயரத்துக்கும் மேலே வளையும் பிளாஸ்டிக் கம்பு. நுனியில் முக்கோணமாக ஓர் ஆரஞ்சுக் கொடி. அடியில் மினுக்கும் சின்னச் சிவப்பு விளக்கு. அதை நாற்காலியின் முதுகில் செருகித் திருகினான்.

"இதை மட்டும் கழட்டிராதீங்க. இதுல படுத்திருக்கற ஆள் ஜீப்புக்காரன் கண்ணுக்குத் தெரியமாட்டான். கொடிதான் தெரியும்."

*

ஸ்டெபின் அதை ஜீப்பின் கூரைமேல் ஏற்றிக் கட்டினான். ஒண்டிக்கடைக்கும் மஞ்சக்குட்டைக்கும் ஷேர் ஜீப் ஓட்டுபவன். ஐயாக்கண்ணுவின் சினேகிதன். மரத்தடியிலிருந்து அவனை அள்ளிப்போட்டுக்கொண்டு சேலத்துக்கு இறங்கியதும் இதே ஜீப்தான்.

"ஏனுங்கக்கா, இதுக்கு டிக்கெட் ஒண்ணா, ரெண்டா? படுத்துட்டு வர்ற ஆளுக்கு ரெண்டு சீட்டுங்க."

"கட்டிலுக்குச் சக்கரம் வெச்சுட்டாங்களா?" என்றாள் பின்சீட்டில் கூடையோடு இருந்த ஒருத்தி. "இனி பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டுப் போனா, கட்டிலோடயே மாமனார் ஊட்டுக்குப் போயிரலாம்."

ஜீப்பே சிரித்தது. சுதாராணியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கூரையை நிமிர்ந்து பார்த்தாள். அவன் வேண்டாம் என்றுவிட்டால்?

வீட்டுக்குள் உருட்டி வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். ஐயாக்கண்ணு தலையை மட்டும் திருப்பிப் பார்த்தான். மேலிருந்து கீழ்வரை பார்த்தான்.

"மல்லாக்கப் படுத்துட்டு, வானத்தப் பாத்துட்டு, ரோட்டுல போறது பொணம் மட்டுந்தான் புள்ள."

"பொணம் மிதிக்காதுங்க."

அவன் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. நெடுநேரம் அந்தப் பெடலையே பார்த்துக்கொண்டிருந்தான். விடிந்தபோது ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"கீழ விழுந்தா?"

"மரத்துல இருந்து விழுந்ததவிட ஒசரம் கம்மிதானுங்க."

*

மலையில் சமமான இடம் என்று ஒன்று இருந்தால் அது காப்பி காயவைக்கும் களம்தான். பழம் பழுக்க இன்னும் நாள் இருந்ததால் எஸ்டேட்டின் சிமெண்ட் களம் வெறுமனே வெயில் காய்ந்துகொண்டிருந்தது. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் சந்திரசேகரிடம் ஸ்டெபின் போய்க் கேட்டான். ரைட்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "களத்துல கீறல் உழுந்தா உன் ஜீப்ப வித்துப் பூசித் தரணும்" என்றார். சரி என்று அதற்கு அர்த்தம்.

முதல் நாள் ஸ்டெபின் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினான். மூன்று முறை விழுந்தது ஸ்டெபின்தான். சைக்கிள் விழவில்லை. இரண்டாம் நாளும் பிடித்துக்கொண்டு ஓடினான். எப்போது கையை விட்டான் என்பது ஐயாக்கண்ணுவுக்குத் தெரியாது.

களத்தின் கோடிவரை போய், திரும்பி, எதிரே ஸ்டெபின் இடுப்பில் கை வைத்து நிற்பதைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

அழுதான் என்று ஸ்டெபின் சொல்வான். சிரித்தான் என்றுதான் சுதாராணிக்கு ஞாபகம். மல்லாந்து கிடப்பவன் முகத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். சங்கிலி மட்டும் களத்தைச் சுற்றிச் சுற்றிக் கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது. ரைட்டர் சந்திரசேகர் ஆபீஸ் வாசலில் நின்று பார்த்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே உள்ளே போனார்.

காப்பிப் பழம் களத்துக்கு வரும்போது ஐயாக்கண்ணு ரோட்டுக்கு வந்துவிட்டான்.

மேட்டில் கிளம்ப யாராவது லேசாகத் தள்ளிவிட வேண்டும். தள்ளிவிட ஆளுக்குப் பஞ்சமில்லை. அதன் பிறகு மெதுவாக, எறும்பு மாதிரி, ஆனால் நிற்காமல் ஏறுவான். காலையில் டீக்கடை. அங்கே மற்றவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார்கள். அவன் சைக்கிளிலேயே சாய்ந்து படிப்பான். "மகாராசா எழுந்தருளிட்டாரு, டீய தட்டுல வெச்சுக் குடுங்க" என்பார்கள். சாயங்காலம், சுதாராணி வேலை முடிந்து ஜீப்பில் வரும் நேரத்துக்கு, அவளுக்கு எதிரே வளைவு வரை வருவான்.

வளைவில் லாண்டானாப் புதர் ஆளுயரத்துக்கு வளர்ந்து கிடக்கும். அதற்கு மேலே முதலில் கொடி தெரியும். ஆரஞ்சுக் கொடி, ஆடி ஆடி. மனுஷன் பிறகுதான் தெரிவான்.

"அக்கா, கொடி வருதுங்க" என்பான் ஸ்டெபின். கியரைக் குறைப்பான். சுதாராணி அதற்குள் பார்த்திருப்பாள். ஜீப் அந்த வளைவை நெருங்கும்போதே அவள் கண் தானாகப் புதருக்கு மேலே போய் நின்றுவிடும். கொடி தெரிந்ததும்தான் அன்றைய வேலையின் களைப்பு இறங்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கண்ணம்மாள் வீட்டுக்குப் போய்க் களைக்கொல்லி டப்பாவைக் கேட்டு வாங்கினாள். மொத்தத்தையும் தோட்டத்துக் களைக்கு அடித்துத் தீர்த்தாள். காலி டப்பாவை நசுக்கிப் பள்ளத்தில் வீசினாள். வேலி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த கண்ணம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"மருந்து வாசம் நொம்ப இருக்குது" என்றாள்.

*

மறுபடி மிளகு சீசன் வந்து போனது. மரமேறுகிறவர்கள் வேறு ஆட்கள். ஐயாக்கண்ணு அந்தப் பக்கம் பார்க்காமல் சைக்கிளை மிதித்தான். அப்போதுதான் ரைட்டர் சந்திரசேகர் அவனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"வேலியோரமா ரோடு போவுது பாரு, அது முழுக்க ஏத்த எறக்கம் இல்லாம ஓடுது. தெனம் ரெண்டு சுத்து சுத்திட்டு வந்து, எந்த எடத்துல வேலி அந்திருக்குது, எந்த எடத்துல காட்டெருமை பூந்திருக்குதுன்னு சொல்லணும். வாச்சர் வேல. உன்னால ஆவுமா?"

"ஆவுமுங்க."

"படுத்துட்டே வேல பாக்கற மொத ஆளு நீதான். தூங்கினாக் கூட எனக்குத் தெரியாது."

"குறட்டை விட்டாச் சங்கிலி சத்தம் நின்னுபோயிருமுங்க. தெரிஞ்சுரும்."

வரும் திங்கட்கிழமை சேரச் சொன்னார். வீட்டுக்கு வந்து சுதாராணியிடம் அவன் அதை உடனே சொல்லவில்லை. காக்கிச் சட்டையை எடுத்து, பொத்தான் இருக்கிறதா என்று பார்த்தான். பிறகு சொன்னான்.

அதே வாரம் தேர்தல் தேதி அறிவித்தார்கள்.

மஞ்சக்குட்டையில் ஒரே நாளில் எல்லாக் கம்பத்திலும் கொடி முளைத்தது. ஐயாக்கண்ணுவின் சைக்கிளில் ஆறு மாதமாக ஆடிக்கொண்டிருந்த துணித் துண்டும் அன்றுதான் ஊர்க் கண்ணில் பட்டது.

"ஐயாக்கண்ணு எந்தக் கட்சில சேந்துட்டாப்ல?"

"முதுகு ஒடிஞ்சவங்க கட்சிங்க. நீங்களும் சேரலாம். மெம்பர் கார்டு மரத்து உச்சில குடுக்கறாங்க."

முதல் நாள் டீக்கடை சிரித்தது. அடுத்த நாள் கொஞ்சம் குறைவாகச் சிரித்தது. மூன்றாம் நாள் கரை வேட்டிக்காரர் ஒருவர் கொடியை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்து, "கலரு இடிக்குதே" என்றார். எதிர்க் கட்சிக்காரர், "எங்க கலரும் இல்லீங்க அது, எங்கள எதுக்குப் பாக்கறீங்க" என்றார். ஐயாக்கண்ணு பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கிளம்பினான். அன்று யாரும் தள்ளிவிட வரவில்லை. டீக்கடைக்காரர்தான் கல்லாவை விட்டு எழுந்து வந்து தள்ளினார்.

காட்டேஜில் அறை துடைக்கும் பெண்களுக்குள் வேறு பேச்சு ஓடியது. கீழே தேர்தல் அதிகாரிகள் வண்டிகளையெல்லாம் நிறுத்துகிறார்களாம். கொடி இருந்தால் வண்டியையே தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்களாம். ஓட்டு எண்ணி முடித்த பிறகுதான் கையில் கிடைக்குமாம். அதுவும் எந்த நிலைமையில் கிடைக்குமோ. யார் பார்த்தது என்று யாரும் கேட்கவில்லை. மஞ்சக்குட்டைப் பக்கம் எந்த அதிகாரியும் எட்டிப் பார்த்ததும் இல்லை.

சுதாராணிக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது மட்டும் ஏறியது. வண்டி போனால் திங்கட்கிழமை போகும். திங்கட்கிழமை போனால் அவன் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்புவான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் கம்பின் திருகைக் கழற்றினாள்.

கட்டிலில் படுத்திருந்த ஐயாக்கண்ணு பார்த்துக்கொண்டிருந்தான். "அந்தத் தம்பி கழட்ட வேண்டாம்னு சொன்னாப்லையே?"

"ஓட்டு முடியற வரைக்குந்தானுங்க. அப்பறம் நானே மாட்டித் தர்றேன்."

"வெளக்கும் அதுலதான் இருக்குது."

"பொழுது சாயறதுக்குள்ள ஊட்டுக்கு வந்துருங்க. வெளக்கு எதுக்கு?"

அவன் யோசித்தான். "செரி, நீ சொன்னாச் செரி."

அவள் கம்பைப் பரணில் ஏற்றினாள். கொடி கசங்காமல் இருக்க, அதைச் சுற்றித் தன் பழைய சேலைத் துண்டு ஒன்றைக் கட்டினாள்.

*

திங்கட்கிழமை காலை நல்ல வெயில். காக்கிச் சட்டையில் ஐயாக்கண்ணுவைப் பார்த்துக் கண்ணம்மாள் சல்யூட் வைத்தாள். சுதாராணி தூக்குப் போசியில் எலுமிச்சை சாதம் கட்டி நாற்காலியின் பின்னால் மாட்டினாள். அவன் ஒரு தெம்மாங்கு மெட்டை முணுமுணுத்துக்கொண்டே போனான். அவள் ஒண்டிக்கடைக்கு ஜீப் ஏறினாள்.

மூன்று மணிக்கு மேல் மலை கறுத்தது. கோடை மழை, சொல்லாமல் கொள்ளாமல் வந்து அறைந்துவிட்டுப் போனது. மழை விட்ட இடத்தில் மூடுபனி எழுந்தது. ரோட்டிலிருந்தே புகைந்து மேலேறுகிற பனி. ஐந்து மணிக்கே ஊர் வெள்ளையாகிவிட்டது.

ஸ்டெபின் ஹெட்லைட்டைப் போட்டான். வெளிச்சம் போய்ச் சுவரில் முட்டியது மாதிரி முன்னால் நின்றது. ஜீப் ஊர்ந்தது. உள்ளே பன்னிரண்டு பேர். முன்சீட்டில், ஸ்டெபினுக்கு அடுத்து, சுதாராணி.

"இப்படிப் போனா ஓட்டுக்குத்தான் போய்ச் சேருவோம்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஓட்டு அடுத்த மாசமுங்க."

"அதத்தான் சொல்றேன்."

யாரோ சிரித்தார்கள். ஒரு குழந்தை இருமியது. ஸ்டெபின் ஸ்டீயரிங்மேல் கவிழ்ந்து கண்ணாடியைக் கையால் துடைத்தான். அந்த வளைவு நெருங்கியது.

"அண்ணன் ரோட்டுல இருப்பாராங்கக்கா?" என்றான். "இன்னிக்கு வேலைக்குப் போனாருங்கல்ல. திரும்பி வர்ற நேரந்தான் இது. அதுக்குத்தான் உருட்டறேன்."

சுதாராணியின் கண் தானாக எழுந்தது. புதருக்கு மேலே போனது. வெள்ளை. இடது பக்கம் பார்த்தாள். வெள்ளை. ஆரஞ்சு நிறம் எங்கேயும் இல்லை. சிவப்பாக எதுவும் மினுக்கவில்லை. அவளுக்கு நிம்மதியாக இருந்தது. முதல் நாள் வேலை, நேரத்தோடு முடித்து, மழைக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருக்கிறார்.

"கொடி தெரியலீங்களே" என்றாள். "ஊட்டுக்குப் போயிருப்பாரு. நீங்க போங்க தம்பி."

ஸ்டெபின் தலையை ஆட்டினான். கியரை மாற்றினான். ஜீப் உறுமிக்கொண்டு வேகமெடுத்தது. பின்னால் இருந்தவர்கள் "ஆங், அப்படி" என்றார்கள்.

புதர் முடிந்தது. வளைவு திரும்பியது. சுதாராணி மடியிலிருந்த பையைச் சரிசெய்தாள். உள்ளே காட்டேஜில் கொடுத்த கேக் துண்டு இருந்தது. முதல் நாள் வேலைக்காக அவனுக்கு என்று எடுத்து வந்தது. நசுங்கியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். அதைச் சுற்றியிருந்த துணியில் விரல் பட்டது. பழைய சேலைத் துண்டு.

அதே சேலை.

பரண்.

அவள் வாயைத் திறந்தாள். "தம்பி" என்ற சொல் பாதி வெளியே வந்தபோது, வெளிச்சத்துக்குக் கீழே, பானெட்டின் விளிம்புக்குக் கீழே, கரகரவென்று சங்கிலி ஓடும் சத்தம் கேட்டது.

ஸ்டெபின் பிரேக்கை மிதித்தான். ஈர ரோட்டில் ஜீப் வழுக்கிக்கொண்டு போனது. பெரிய சத்தம் எதுவும் வரவில்லை. கதவில் யாரோ லேசாகத் தட்டியதுபோல் ஒன்று கேட்டது.

சங்கிலிச் சத்தம் நின்றது.

*

சைக்கிளுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. பின்சக்கரத்தில் கொஞ்சம் கோணல். ஒண்டிக்கடையில் ஒரு மணி நேரத்தில் தட்டிச் சரிசெய்துவிட்டார்கள்.

ஐயாக்கண்ணு சேலத்திலிருந்து திரும்பி வந்தபோது ஓட்டு முடிந்திருந்தது. கம்பங்களிலிருந்து கொடிகளை அவிழ்த்திருந்தார்கள். ஊரில் எல்லோர் விரலிலும் மை இருந்தது. அவன் விரலில் இல்லை. இடுப்புக்குக் கீழே உணர்வு எதுவும் இல்லை. சாந்தி இந்த முறை எந்தப் பயிற்சியும் சொல்லித் தரவில்லை. அவனை எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பது என்று சுதாராணிக்குத்தான் சொல்லிக் கொடுத்தாள். ஒரு கை தோளுக்கு அடியில், ஒரு கை இடுப்புக்கு அடியில், புண் வராமல் இருக்க அடிக்கடி மாற்றி மாற்றி.

ஸ்டெபின் வந்தான். சுதாராணி அடுப்படியில் இருந்தாள். உள்ளே இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று அவளுக்குக் கேட்கவில்லை. போகும்போது அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அந்த ஜீப்பை வேறொரு டிரைவர் ஓட்டினான். ஸ்டெபின் கீழே சேலத்தில் ஏதோ கம்பெனிக்குக் கார் ஓட்டுகிறான் என்று கேள்வி.

"வித்துரு" என்றான் ஐயாக்கண்ணு ஒரு நாள். எதை என்று சொல்லவில்லை. அது கட்டிலுக்கு எதிரே, சுவரில் சாய்ந்து நின்றது. மல்லாந்து கிடந்தவன் கண் திறந்தால் பெடல் தெரியும்.

ஷெர்வின் அதன் படத்தைப் போனில் விற்பனைக்குப் போட்டான். புதிதாக எடுக்கவில்லை, தன்னிடம் இருந்தபோது எடுத்த பழைய படம். ஒரு வாரத்தில் ஆள் வந்தது. நவீன் என்று ஒருவன், கரடியூர் வியூ பாயிண்ட்டுக்குப் பக்கத்தில் புதிதாகக் காபி கடை திறந்திருப்பவன். குட்டி யானை லோடு வண்டியோடு வந்திருந்தான்.

"நல்லா ஓடுமுங்க" என்றாள் சுதாராணி. அதை வாசலுக்கு உருட்டி வந்து நிறுத்தினாள்.

"ஓடவேண்டாங்கக்கா. கடை வாசல்ல சிமெண்ட் போட்டு நட்டுருவேன். வர்றவங்க மேல ஏறிப் படுத்துட்டு, பின்னாடி பள்ளத்தாக்கு தெரியற மாதிரி போட்டோ எடுத்துக்குவாங்க. பெடல் மட்டும் சுத்தும்."

"சக்கரம்?"

"சக்கரம் சுத்தாது."

அவன் அதைச் சுற்றி வந்தான். போனைப் பார்த்தான், சைக்கிளைப் பார்த்தான். "போட்டோல ஒரு கொடி இருந்துச்சே. ஆரஞ்சுக் கலர்ல. அது இல்லைங்களா? அதுதாங்க கெத்தே. தூரத்துல இருந்து தெரியணும்ல."

சுதாராணி உள்ளே கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள்.

"இருக்குது சாமி" என்றாள்.

உள்ளே போய் முக்காலி போட்டு ஏறினாள். பரணில் எட்டிக் கம்பை இழுத்தாள். சேலைத் துண்டை அவிழ்த்தாள். கொடி கசங்கவே இல்லை. அவன் அதை வாங்கி, அங்கேயே நாற்காலியின் முதுகில் செருகித் திருகினான். அடியிலிருந்த விளக்கின் பொத்தானைச் சும்மா அமுக்கிப் பார்த்தான். அது சிவப்பாக மினுக்கியது.

"பரவால்ல, பேட்டரி கூட இருக்குதுங்க."

குட்டி யானையின் பின்னால் சைக்கிளைக் கிடத்தாமல் நிறுத்தியே கட்டினார்கள். வண்டி இறங்கிப் போனது. முதல் வளைவில் வண்டி மறைந்தது. புதருக்கு மேலே கொடி மட்டும் தெரிந்தது. அடுத்த வளைவு வரைக்கும் தெரிந்துகொண்டே இருந்தது.

அவள் உள்ளே வந்தாள். கட்டிலுக்கு எதிரே சுவர் வெறுமையாக இருந்தது. சக்கரம் தேய்ந்த கறுப்புக் கோடு மட்டும்.

"கொடியும் குடுத்துட்டியா?"

"குடுத்துட்டனுங்க."

அவன் கூரையைப் பார்த்தான். அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இத்தனை நாளாகச் சொல்லாமல் வைத்திருந்ததை இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். "ஏனுங்க, அன்னிக்கு ஜீப்புல நாந்தான்..."

"ஸ்டெபின் சொன்னான்."

அவள் காத்திருந்தாள். திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டினால் போதும் என்று இருந்தது. அவன் முகத்தில் கோபம் இல்லை. எதுவுமே இல்லை.

"என்னையத் திருப்பி உடு" என்றான்.

"இப்பத்தானுங்க திருப்பினேன். இன்னும் நேரம் இருக்குது."

"அதுக்கில்ல. செவுத்துப் பக்கம்."

சுதாராணி நின்றாள். வெளியே கண்ணம்மாள் கோழிகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவன் கண்ணை மூடிக் காத்திருந்தான். அவனால் முடிந்த காலத்தில் அவனே திரும்பிக்கொள்வான். திரும்பாதே என்று அவள் சண்டை போடுவாள்.

அவள் குனிந்தாள். ஒரு கையைத் தோளுக்கு அடியில் கொடுத்தாள். ஒரு கையை இடுப்புக்கு அடியில் கொடுத்தாள். சொல்லிக் கொடுத்தது போலவே, அலுங்காமல், அவனைச் சுவரைப் பார்க்கப் புரட்டினாள். உடம்பு திரும்பியது. கால்கள் வரவில்லை. அவற்றை அவள் ஒவ்வொன்றாகத் தூக்கி எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தாள்.